கண்மாய் மீனுக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு போன் போடுங்கள்

"ஊர்ப்பக்கம் மீன் பிடிக்கப் போக என்னென்ன வாங்கணும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். போகிற ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் போன் போட்டு, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, மீன் யார் கையில் இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்காமல் போய்ப் பட்டவன் சொல்கிறேன்.

என் மனைவியின் ஊர் சிங்கம்புணரிக்கும் பொன்னமராவதிக்கும் நடுவில். மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம், புது ராடு, ரீல், நரம்பு, ரப்பர் தவளை என்று 2,800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் இருந்து கிளம்பினேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. காலை ஆறு மணிக்கு மடைக்குப் பக்கத்தில் நின்று மூன்று வீச்சு வீசியிருப்பேன். கரை மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் இறங்கி வந்தார்.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீக?"

சொன்னேன்.

"அட, மாப்பிள்ளையா! தூண்டிலச் சுருட்டுங்க மாப்பிள்ளை. குத்தகைக்காரர் பாத்தா என்னையத்தான் வைவாரு."

அவர்தான் காவல்காரர். மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது, என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள பெரிய கண்மாய் பொதுப்பணித் துறை வழி வந்தது, இப்போது நீர்வளத் துறை. சின்னது என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏலக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் போட்ட பணம் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருக்கும்போது நாம் போய் ராடைச் சுழற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்மாய் நம்ம கண்மாய்தான் அத்தான். மீனு ஏலத்துல போன மீனு."

அடுத்த வருடம் சித்திரையில் அவனே கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை அழிகண்மாய். ராடெல்லாம் தூக்கிட்டு வராதீக, பழைய கான்வாஸ் ஷூ மட்டும் எடுத்துட்டு வாங்க."

தெரியாதவர்களுக்கு: அறுவடை முடிந்து, கண்மாய் வற்றி, முட்டளவு தொடையளவு தண்ணீர் நிற்கும்போது ஊர் கூடி நாள் குறித்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி, எல்லோரையும் இறங்கவிடுவார்கள். அதுதான் அழிகண்மாய். மீன்பிடித் திருவிழா என்று செய்தியில் போடுவார்கள். விடியும் முன்பே கரை முழுக்க ஆள். டாடா ஏஸிலும் பைக்கிலும் ஊத்தாவைக் கட்டிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசினார்கள். அதற்கு அப்புறம் கண்மாய் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன.

ஊத்தா பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் குச்சியில் கட்டிய, அடி அகன்று மேல் குறுகிய கூடை. இரண்டு பக்கமும் திறப்பு. வேகமாகச் சேற்றில் குத்த வேண்டும், ஒரு நொடி காத்திருக்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டும், அந்த அதிர்வு கைக்கு வரும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் நான் குத்தியதெல்லாம் வெறும் சேறு. ஒருமுறை டொக்கென்று முட்டியது. ஆசையாகக் கையை விட்டால் கெளுத்தி. பக்கவாட்டு முள்ளால் கட்டைவிரலில் ஒரு போடு போட்டது பாருங்கள், தோள் வரைக்கும் கடுத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பையன், பத்து வயது இருக்கும், "தலைய அமுக்கி, முள்ளுக்குப் பின்னாடி புடிக்கணும் மாமா" என்று சொல்லிவிட்டு அதை எடுத்து என் பையிலேயே போட்டான். அவன் இடுப்புத் துண்டில் அதற்குள் நாலு விரால்.

கடைசியில் எனக்கும் ஒரு விரால் கிடைத்தது, முக்கால் கிலோ இருக்கும். வழுக்கிக்கொண்டு போகப் பார்த்ததை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கரையேறினேன். சட்டை இன்னும் வெளுக்கவில்லை.

ஐஸ்பெட்டி கொண்டு போயிருந்தேன், தேவையே படவில்லை. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாமியார் அதைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசு உரசென்று உரசிக் கழுவினார். அன்றைக்கு ஊரில் எந்தத் தெருவில் போனாலும் மீன் குழம்பு வாசம்தான். அழிகண்மாய் மீனை விற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வெறுங்கையோடு போனவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டில் இருந்து ஒரு கிண்ணம் வந்துவிடும்.

அந்த ராடு? பரணில்தான். ஒரே ஒரு நாள், குத்தகை இல்லாத ஒரு பாழ் குவாரிக் குட்டையில் மண்புழு கோத்து ஏழு ஜிலேபி மீன் எடுத்தேன். பக்கத்தில் மூங்கில் கழியும் மயிலிறகுத் தண்டு மிதப்பும் வைத்திருந்த தாத்தா பதினெட்டு எடுத்தார். அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இஷ்டமில்லை.

* * *

மேலே அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன், நான் மேலூர்ப் பக்கம். அண்ணன் கான்வாஸ் ஷூவை ஒரு வரியில் தாண்டிவிட்டார், அதுதான் முக்கியம். எங்கள் கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற இடம், முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டிப் போட்ட கிளை சேற்றுக்குள் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் என் வீட்டுக்காரர் வீரமாக வெறுங்காலோடு இறங்கினார். முள் குதிகாலுக்குள் ஒடிந்து, மூன்றாம் நாள் கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். ரப்பர் செருப்பும் ஆகாது, சேறு உறிஞ்சிக்கொள்ளும். கயிறு கட்டுகிற ஷூதான் நிற்கும்.

இன்னொன்று. தண்ணீர் நிறைந்திருக்கிற மாதங்களில் தூண்டில் போடுகிறவர்கள் கவனியுங்கள். கரையோரம் சிவப்பாக, கைப்பிடி அளவுக்குக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போனால் அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் கவ்வும், பிடிப்பது சுலபம். ஆனால் அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரை. என் அப்பா அந்த இடத்தைப் பார்த்தாலே தூண்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த துறைக்கு நடந்துவிடுவார்.

எனக்குப் பிடித்தது அழிகண்மாயைவிட ஐப்பசி ஏத்துமீன்தான். முதல் பெருமழைக்கு வரத்துக் கால்வாயில் புதுத்தண்ணீர் இறங்கும்போது மீன் எதிரேறி வரும். நானும் அக்காவும் பழைய சேலையை இரண்டு முனையாகப் பிடித்து அயிரை அள்ளுவோம். இதற்கெல்லாம் யாரும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. ராத்திரி இடி இடித்தால் விடிகாலையில் கிளம்ப வேண்டியதுதான்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். தங்கச்சி சொன்ன முள் சங்கதி உண்மை. எனக்கும் ஷூவைத் தாண்டி ஒன்று ஏறியது, மானம் கருதி எழுதாமல் விட்டேன்.

இந்தச் சித்திரைக்கு வருகிறேன் என்று தனியாகக் கேட்ட இரண்டு பேருக்கும்: நாள் இன்னும் குறிக்கவில்லை. உள்வாயில் இடுப்பளவு தண்ணீர் கிடப்பதாக மச்சினன் சொல்கிறான். வற்றினதும் சொல்கிறேன். சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவார்கள், அதையும் விசாரித்துச் சொல்லிவிடுகிறேன். ஊத்தா இரண்டு இருக்கிறது, மூன்றாவதன் குச்சி உடைந்துவிட்டது. நான்தான் உடைத்தேன். சாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.