கண்டுபிடிப்பை ஊக்குவிக்க எது உதவும்: பரிசா, காப்புரிமையா?

கேள்வி: புதுசா ஒன்றைச் செய்கிறவர்களைச் சமூகம் தாங்கிப் பிடிக்கணும். பரிசுத்தொகை அறிவிப்பது நல்லதா, காப்புரிமை போதுமா?

கடிகாரமுள்: தேவையை அளந்து சொல்ல முடிந்தால் பரிசுதான். 1714-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் கடலில் தீர்க்கரேகை கண்டறியப் பரிசு வைத்தது: பிழை ஒரு டிகிரிக்குள் என்றால் 10,000 பவுண்டு, அரை டிகிரிக்குள் 20,000. வழி எதுவானாலும் சரி. அதனால்தான் தச்சரான ஜான் ஹாரிசன் கடிகாரத்தோடு போட்டியில் நிற்க முடிந்தது. பூமி சுழல்வதால் இரண்டு இடங்களின் நேர வித்தியாசமே தீர்க்கரேகை வித்தியாசத்தைக் காட்டும்; அரை டிகிரி என்பது நேரக்கணக்கில் 2 நிமிடம். 1762-ல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது அவர் கடிகாரத்தின் பிழை சுமார் 5 வினாடிதான்! ஆனாலும் பரிசைத் தீர்மானிக்கும் வாரியம் சோதனைமேல் சோதனை கேட்டது. கடைசித் தொகை வந்தது 1773-ல், அவருக்கு 80 வயதில். நிபந்தனையை நடுவில் மாற்றுவது பெரிய அநியாயம்.

திருகாணி: காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு பாதுகாப்பு. பலர் சறுக்குவது ஓரிடத்தில்: விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் வைத்துவிடுவார்கள். பல நாடுகளில் அதோடு காப்புரிமைக்குத் தேவையான ‘புதுமை’ போச்சு.

கேட்டவர்: தொழில் நொடித்தால்?

திருகாணி: அதற்குத்தான் ‘லிமிடெட்’ கம்பெனியின் வரையறுக்கப்பட்ட பொறுப்பு. போட்ட முதல் போகும், வீடு தப்பும். ஆனால் வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டால் அந்தப் பாதுகாப்பு உதவாது. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்க.