பைப் துண்டில் திருப்புளி ஸ்டாண்டு: செய்தவர்கள் சொல்வது

கோவை, மோட்டார் பட்டறை

ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்கு காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். பிளம்பர்கள் விட்டுப்போகும் பிவிசி பைப் துண்டுகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. திருப்புளிகளை எல்லாம் அதில்தான் செருகி வைத்திருக்கிறேன்.

முக்கால் இஞ்ச் பைப்பை விரல் நீளத்துக்கு அறுத்து, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஆக்சா பிளேடால் பிளந்துவிடுங்கள். திருப்புளியின் கம்பி 6 மி.மீ. என்றால் பிளவு 8 மி.மீ. இருக்கட்டும். கம்பி முன்பக்கமாகவே நுழையும், கைப்பிடியின் கழுத்து பைப் வாயில் உட்காரும். நீளக் கம்பி முழுவதையும் மேலே உருவ வேண்டியதில்லை; லேசாகத் தூக்கி முன்னால் இழுத்தால் வந்துவிடும். பலகையில் பைப்பை முடுக்கும்போதும் அதே பிளவு வழியாகத் திருப்புளியை விட்டு பின்சுவர் ஸ்குரூவை இறுக்கலாம்.

ஒரு பழைய மேஸ்திரி கடைக்கு வந்தார். ஒரு கையில் மோட்டார் மூடியைப் பிடித்தபடி மறு கையால் திருப்புளியை எடுத்தார், வேலையை முடித்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் செருகினார். “ரெண்டு கை கேக்காத ஸ்டாண்டுதான் ஸ்டாண்டு” என்றவர், போகும்போது நாலு துண்டு பைப்பும் எடுத்துக்கொண்டு போனார்.

பிளேயருக்குத் தட்டையான பட்டை வேண்டும் என்றால் பெரிய பைப்பைப் பிளந்து கொதிநீரில் போடுங்கள். 80 டிகிரி வாக்கிலேயே பிவிசி இளகிவிடும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்கினால் தகடு தயார். தீயில் மட்டும் காட்டாதீர்கள். கருகினால் அமிலப் புகை வரும், மூச்சை அடைக்கும், பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானையும் துரு பிடிக்க வைக்கும்.

காரைக்குடி, தச்சு வேலை

உளிக்கு பைப் சரிப்படாது, உள்ளே ஆடும். நான் பேக்கிங் கட்டை எடுத்துக்கொள்வேன். வெளிநாட்டுச் சரக்கு வந்த கட்டையில் முத்திரை இருக்கும்: ‘எச்.டி.’ (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தைரியமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் விஷவாயு அடித்தது, நான் தொடுவதில்லை.

துளை தோண்டிக் கஷ்டப்படாதீர்கள். இரண்டு ரீப்பருக்கு (ஒல்லியான மரச்சட்டம்) நடுவே சின்னக் கட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அந்த இடைவெளியில்தான் உளி இறங்கும். சில்லை உப்புத்தாளால் தேய்த்தால் போதும், பாலிஷ் எல்லாம் அழகுக்குத்தான். உளியின் வாய் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் முன்னால் ஒரு பலகைத் துண்டை அடித்து மறைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை விடவே கூடாது.

மதுரை, டூவீலர் மெக்கானிக்

ஸ்பானருக்கு பிளைவுட் துண்டே போதும். ரம்பத்தால் காடி (பள்ளம்) அறுத்து 8-9, 10-11, 12-13 என்று அளவு வரிசையாக நிறுத்தலாம். 10-11 எப்போதும் காடியில் இருக்காது, அது வேறு கதை.

சிலர் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைச் சுவரில் ஒட்டி ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றையும் அதில் மாட்டுகிறார்கள். வேலை சுலபம்தான், ஆனால் திருப்புளியும் காந்தமாகிவிடும். முனையில் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும், அதோடு என்ஜினைத் திறந்தால் தூள் பேரிங்குக்குள் போகும். எங்கள் கடையில் காந்தம் கீழே விழுந்த நட்டு பொறுக்க மட்டும்தான்.

டி ஸ்பானருக்கு (T வடிவ ஸ்பானர்) யாராவது நல்ல வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள். சுவரில் மாட்டினால் போக வர தோளில் இடிக்கிறது.