சிரிப்பது எது, கறுத்த தலை எது: கடற்காகப் பெயர்களில் தடுக்கி விழுந்த கதைகள்

கடற்காகங்களின் (gull) அறிவியல் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நம் பறவை பார்ப்போர் குழுவில் எத்தனை பேர்? ஒவ்வொருவராக எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

பறவை பார்க்க ஆரம்பித்த முதல் வருடம். கையேட்டில் ‘கருந்தலைக் கடற்காகம்’ என்று போட்டிருந்தது. கரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. சிவந்த அலகு, சிவந்த கால், எல்லாம் சரி. ஒன்றுக்குக்கூடத் தலை கறுப்பில்லை. குளிர்காலத்தில் அந்த முகமூடி போய்விடும், கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு மட்டும் நிற்கும் என்று அப்புறம்தான் படித்தேன். இனப்பெருக்கக் காலத்தில் திரும்ப வருகிற முகமூடியும் கறுப்பில்லை, சாக்லேட் பழுப்பு!

அறிவியல் பெயராவது உண்மை பேசட்டும் என்று பார்த்தால், குரோய்கோசெஃபாலஸ் ரிடிபண்டஸ். முன்பாதி, அதாவது பேரினம், கிரேக்கம்: ‘நிறமேறிய தலை’. பின்பாதி, அதாவது இனப்பெயர், லத்தீன்: ‘சிரிக்கிறது’. இந்தப் பின்பாதியை 1766-ல் வைத்தவர் லின்னேயஸ், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டியவர். பெயரில் தலையின் நிறத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, குரலைப் பிடித்துக்கொண்டார். இதோடு விட்டதா? ஆங்கிலத்தில் ‘சிரிக்கும் கடற்காகம்’ என்பது அமெரிக்கக் கரைகளில் வாழும் வேறொரு பறவை. அதன் இனப்பெயர் அட்ரிசில்லா, ‘கருவால்’. வளர்ந்த பறவையின் வாலோ வெள்ளை வெளேர். ‘கருமுடி’ என்று பொருள்படும் அட்ரிகாபில்லாவைத்தான் லின்னேயஸ் எழுத வந்தார், நடுவில் எழுத்து விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதன் தலை நிஜமாகவே கறுப்பு. மெலனோசெஃபாலஸ், அதாவது அசல் ‘கருந்தலை’, மூன்றாவதாக இன்னொரு கடற்காகத்துக்கு 1820-ல் டெம்மிங்க் என்பவர் வைத்த பெயர். அந்தப் பறவையை ஆங்கிலத்தில் மத்தியதரைக் கடலின் பெயரால் கூப்பிடுகிறார்கள். இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்த பிறகுதான் எனக்குத் தலை சுற்றுவது நின்றது.

* * *

நான் ஒரு அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருந்தபோது பதப்படுத்திய பறவைத் தோல்களை அடுக்கும் வேலை. ஒரு இழுப்பறையில் கிட்டிவேக் என்ற ஒரே கடற்காகத்துக்கு இரண்டு சீட்டு. பழையதில் லாரஸ் டிரைடாக்டைலஸ், புதியதில் ரிஸ்ஸா டிரைடாக்டைலா. யாரோ எழுத்துப்பிழை விட்டிருக்கிறார்கள் என்று திருத்தப் போனேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார். லாரஸ் ஆண்பால், ரிஸ்ஸா பெண்பால். பேரினம் மாறினால் இனப்பெயரின் வால் எழுத்தும் மாற வேண்டும். புதிய சீட்டில் லின்னேயஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்ததற்கும் பேரினம் மாறியதுதான் காரணம்: அவர் வைத்த பேரினத்தில் பறவை இப்போது இல்லை.

‘மூன்று விரல்’ என்று பொருள். காலைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் மூன்று, பின்விரல் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி அளவு ஒரு புடைப்பு, அவ்வளவுதான். ரிஸ்ஸா மட்டும் கிரேக்கமும் இல்லை லத்தீனும் இல்லை, ஐஸ்லாந்துக்காரர்கள் அதைக் கூப்பிடும் பெயரிலிருந்து வந்தது.

* * *

சபைன் கடற்காகத்தின் பெயர் ஸீமா சபினி. ‘ஸீமா’வுக்குப் பொருள் தேடி இரண்டு நாள் கிரேக்க அகராதியைப் புரட்டினேன். பொருளே கிடையாதாம். லீச் என்பவர் 1819-ல் சும்மா உண்டாக்கிய சொல்! ஆனால் சபினி உருப்படியான கதை. ஜான் ராஸின் ஆர்க்டிக் பயணத்தில் போன எட்வர்ட் சபைன் 1818-ல் கிரீன்லாந்தில் பறவையைப் பிடித்து அனுப்ப, அண்ணன் ஜோசப் அதற்குத் தம்பி பெயரையே வைத்துவிட்டார்.

* * *

ராஸ் என்றதும் என் அசட்டுத்தனம் ஞாபகம் வருகிறது. ராஸ் கடற்காகத்தின் பெயர் ரோடோஸ்டெதியா ரோஸியா. ரோஸியா என்றால் ராஸ்தான் என்று ரொம்ப நாள் சாதித்தேன். அது ரோஜா நிறம். ஆங்கிலப் பெயரில் உள்ளவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், மேலே சொன்ன ஜானின் சகோதரர் மகன்.

* * *

மொழிபெயர்ப்பில் நான் பட்டது. இக்தியேட்டஸ் இக்தியேட்டஸ், 1773-ல் பல்லாஸ் என்பவர் விவரித்த பெரிய கருந்தலைக் கடற்காகம். இக்துஸ் மீன், ஏட்டோஸ் கழுகு. அப்படியே ‘மீன்கழுகு’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது வளைந்த அலகோடு ஒரு நிஜக் கழுகின் படம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

காகம் என்று சொல்வது நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சின்னக் கடற்காகத்தின் பேரினம் ஹைட்ரோகோலியஸ்: நீர் + காக வகை ஒன்று. லத்தீனில் ‘கடல் காகம்’ என்ற தொடரே தேய்ந்துதான் ஆங்கிலத்தில் கார்மரண்ட் ஆனது. அது நம்முடைய நீர்க்காகம்!

* * *

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தது ரிடிபண்டஸ்தானா? 1840-ல் ஜெர்டன் என்பவர் பெயர் வைத்த இன்னொரு கடற்காகமான புருன்னிசெஃபாலஸுக்கும் குளிர்காலத்தில் அதே சிவந்த அலகு, அதே பொட்டு. பெயர் பாதி லத்தீன், பாதி கிரேக்கம்: ‘பழுப்புத்தலை’. வளர்ந்த பறவையென்றால் கண்ணைப் பாருங்கள், வெளிறியிருக்கும். ரிடிபண்டஸுக்குக் கருங்கண். சிறகு நுனிக் கறுப்பில் வெள்ளைத் திட்டும் இருக்கிறதா?

* * *

பழைய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. கண் வெளிறித்தான் இருக்கிறது. திட்டும் இருக்கிறது.