புதுப்பிப்பு: நெதர்லாந்து டுவார்ஃப் (குள்ள முயல் இனம்) குட்டிகள் சாவது நின்றது

ஒவ்வொரு ஈற்றிலும் குட்டி செத்துப்போகிறது, கண்காட்சி நெருக்கடியில் முயல் வளர்ப்பே வெறுத்துவிட்டது என்று போன கோடையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது சேலத்து அண்ணன் சொன்ன யோசனைதான். பரிசு வாங்கும் குள்ள முயல்களிடம் குள்ள மரபணு ஒன்று இருக்கும். அப்படி இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அது இரட்டையாக வந்து, சில நாளில் இறந்துவிடும். தலை பெருத்து, காது சிறுத்து, பின்பக்கம் சூம்பிப் பிறந்தவை அவைதான். எந்த மருந்தும் காப்பாற்றாது. அதனால் அந்த மரபணு இல்லாத, காது நீண்ட பெண் முயலை ஆண் குள்ளனோடு சேர்த்தேன்.

எதிர்பாராதது ஒன்று: மே மாதம் சினையே பிடிக்கவில்லை. வெயில் தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டினால் ஆணின் விந்து கெடும், தேற ஒன்றிரண்டு மாதமாகும் என்று கொளத்தூர் அக்கா எச்சரித்தது சரிதான். மழை தொடங்கியபின் சேர்த்தேன், பிடித்தது. குட்டி போட்ட பெட்டிக்குள் கையை விட்டால், அம்மா முயல் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப்போட்ட ரோமத்துக்கடியில் எல்லாக் குட்டியும் வெதுவெதுப்பாகத் துள்ளுகின்றன. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் ஆசையாகக் கூண்டுக்குத்தான் ஓடுகிறேன்.

இந்த ஜோடிக்குப் பிறப்பதில் ஏறக்குறைய பாதி, காது நீண்டு கண்காட்சிக்கு ஆகாது. பரவாயில்லை, தெருப் பிள்ளைகள் அவற்றைத்தான் கேட்கிறார்கள். இந்த வருடம் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை.