புதுப்பிப்பு: தமிழ் படிக்கத் தெரியாத வாலிபர்களுக்குக் கீர்த்தனை

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கத் தமிழ்ச் சபையின் ஆயர் நான். வீட்டில் தமிழ் பேசியும் படிக்கத் தெரியாத வாலிபர்கள் பாட்டுநேரத்தில் வாய் திறப்பதில்லை என்று கேட்டிருந்தேன்.

தனி ஆங்கில ஆராதனை வைத்தோம், குடும்பங்கள்தான் இரண்டாயின. கைகொடுத்தது, திரையில் தமிழ் வரிக்குக் கீழே வாலிபர்களுக்குப் படிக்கத் தெரிந்த கன்னட எழுத்திலும் போடுங்கள் என்ற யோசனை. தமிழ் எழுத்தைச் செயலி கன்னட எழுத்தாக மாற்றித் தருவதை அப்படியே போட்டுவிடாதீர்கள். 'கடல்', 'அகம்' இரண்டிலும் தமிழில் ஒரே ககரம். ஒலிப்படி எழுதினால் கன்னடத்தில் வேறு வேறு எழுத்து. உட்கார்ந்து கையால் திருத்தத்தான் வேண்டும்.

எதிர்பாராதது: முதலில் குரல் எழுந்தது வாலிபர்களிடமிருந்து அல்ல. வருஷக்கணக்காக மாமியார் பக்கத்தில் சும்மா நின்ற கன்னடக்கார மருமகள்கள்! மூப்பர் சிலருக்கு மனக்குறைதான். தமிழ் வரி மேலே இருப்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள்.