மழையிலும் பனியிலும் சைக்கிள் பந்தயத்தை நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: பானஸ்வாடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் நந்தி மலைக்குச் சைக்கிளில் போய்வரும் பெங்களூருத் தமிழர் கூட்டத்தில் நானும் ஒருவன். சென்ற வாரம் தேவனஹள்ளிப் பக்கம் நடக்கவிருந்த ஒரு சிறிய போட்டியை, விடியற்காலையில் இடியும் மழையுமாக இருந்ததால், தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது கைவிட்டார்கள். மழை விட்டும் தூவானம் விடாத கதையாக, எங்கள் வாட்ஸாப் குழுவில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எங்கள் போட்டியை விடுங்கள். பெரிய பந்தயங்களைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன். 1980ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான லியேஜ்–பஸ்தோன்–லியேஜில் பனி கொட்டியது. புறப்பட்ட 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். ஒன்பது நிமிடங்களுக்கும் மேலான இடைவெளியில் வென்ற பெர்னார் இனோவுக்கு இரண்டு விரல்களில் ஏற்பட்ட பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால் அந்தப் பந்தயமே நடந்திருக்காது, நாமும் நாற்பது ஆண்டுகளாக அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அப்படியானால் நிறுத்துவது சரியா, அல்லது சம்பளம் வாங்கி ஓட்டுபவர்கள் எதையும் தாங்கித்தான் ஆகவேண்டுமா?

பதில் 1: ஜெயநகர் வாசகர்

கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏறும்போது வானிலை வேறு, இறங்கும்போது வானிலை வேறு. ஏற்றத்தில் உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. மழையோ பனியோ சட்டை நனைந்தாலும் உள்ளே சூடு இருக்கிறது. உச்சியைத் தாண்டியதும் மிதிப்பது நின்றுவிடுகிறது. வேகமோ மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறது. நனைந்த துணியின்மேல் அந்தக் காற்று அடிக்கும்போது சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப்போகின்றன.

இதை நந்தி மலையில் என் கையாலேயே அறிந்திருக்கிறேன், அதுவும் பனிக்காலத்தில் அல்ல. 17 டிகிரி இருந்திருக்கலாம், அக்டோபர் மழை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் வலது கை பிரேக்கை அழுத்துகிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. குனிந்து விரல்களைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். அடிவாரத்தில் ஹெல்மெட்டின் கொக்கியை என்னால் கழற்ற முடியாமல் டீக்கடைக்காரரே கழற்றிவிட்டார்.

இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் ஜிரோ பந்தயத்தில், 1988 ஜூன் 5 அன்று, காவியா கணவாயில் நடந்ததும் இதுதான். பனிப்பொழிவில் முதலில் உச்சியைத் தொட்டவர் யோஹான் வான் டர் வெல்டே. மேலே போகும்போது அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒதுங்கி நின்ற அவர், கடைசியில் 47 நிமிடங்கள் பின்தங்கினார். அன்று மொத்தக் கணக்கில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பெற்ற ஆண்டி ஹாம்ஸ்டனின் அணியினர், காலையிலேயே உள்ளூர்க் கடைகளில் பனிச்சறுக்கு உடைகளையும் கையுறைகளையும் வாங்கி வைத்திருந்தார்கள் என்பதை நாம் வீரக் கதைக்கு நடுவே மறந்துவிடுகிறோம். ஆகவே என் கருத்து: ஏற்றத்தில் நிறுத்தாதீர்கள், இறக்கத்தை வெட்டுங்கள்.

பதில் 2: மாரத்தஹள்ளி வாசகர்

ஜெயநகர் நண்பர் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இந்த வாயிலைத் திறந்தால் அது எங்கே போய் நிற்கும் என்ற கவலை எனக்கு உண்டு. 2020 ஜிரோவின் 19ஆம் கட்டத்தில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) மொர்பெங்ஞோவிலிருந்து அஸ்தி வரை சமதளத்தில் 258 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். அன்று பனியும் இல்லை, புயலும் இல்லை, குளிரும் மழையும்தான். முந்தைய நாள் ஸ்டெல்வியோ கணவாயைக் கடந்து வந்த களைப்பில் வீரர்கள் காலையில் மறுத்து நின்றார்கள், ஏறத்தாழ 124 கிலோமீட்டராகக் குறைத்த பிறகே ஓட்டினார்கள். களைப்பு நியாயமானதுதான், ஆனால் அதற்கு மழையின் பெயரைச் சூட்டியது நியாயமில்லை.

ஈரத்தில் ஓட்டுவது ஒரு தனிக் கலை. டயரில் காற்றைச் சற்றுக் குறைப்பது, சாலையில் பூசிய வெள்ளைக் கோட்டின்மேல் வளைக்காமல் இருப்பது, பிரேக்கை வழக்கத்தைவிட முன்னதாகத் தொடுவது என்பதையெல்லாம் தெரிந்தவன் வெல்லட்டுமே. 2021 அக்டோபரில், கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரிஸ்–ரூபே பந்தயம், 2002க்குப் பிறகு முதல் முறையாக மழையில் நடந்தது. முகம் தெரியாத அளவுக்குச் சேறு அப்பிய நிலையில் சொன்னி கொல்பிரெல்லி வென்றதைப் பார்த்தவர்கள் யாரும் அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லமாட்டார்கள்.

பதில் 3: முன்னாள் தில்லிவாசி, தற்போது எலகங்கா

மழை, பனி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். 2015 ஓமன் பந்தயத்தில் ஒரு கட்டத்தைக் கைவிட வைத்தவை மணற்புயலும் வெயிலும்தான். இறக்கத்தில் பிரேக் பிடித்த சூட்டில் டயர்கள் வெடித்தன. அதைவிட, காற்று மாசும் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தில்லியில் ஒன்பது நவம்பர்களைக் கழித்தவன் என்ற முறையில், அந்த மாதத்தில் அங்கே ஒரு தொழில்முறைப் பந்தயத்தை வைப்பதைவிடப் பனியில் காவியாவை ஏறச் சொல்வதே மேல் என்பேன்.

பதில் 4: அல்சூர் வாசகர்

யூசிஐயின் பட்டியலை எலகங்கா நண்பர் தொட்டதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம். 2016 பருவத்திலிருந்து அமலில் உள்ள கடும் வானிலை நெறிமுறையில் உறையும் மழை, சாலையில் சேர்ந்த பனி, பலத்த காற்று, மிகையான வெப்பமோ குளிரோ, பார்வை மங்கல், காற்று மாசு ஆகியவை இருக்கின்றன; வெறும் மழை இல்லை. ஆகவே மாரத்தஹள்ளி நண்பரின் கவலைக்கு விதியிலேயே பதில் உண்டு. அமைப்பாளர், வீரர்களின் பிரதிநிதி, அணிகளின் பிரதிநிதி, மருத்துவர், நடுவர் ஆகியோர் கூடிப் பேசவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை, நிறுத்துவதைவிட அரைகுறையாக நிறுத்துவதுதான் ஆபத்து. 2014 ஜிரோவில் ஸ்டெல்வியோவின் இறக்கத்தைப் பற்றி பந்தய வானொலியில் அணிகளுக்கு வந்த செய்தியை, வேகத்தைக் கட்டுப்படுத்தி அழைத்துச் செல்வார்கள் என்று சில அணிகள் புரிந்துகொண்டன. பந்தயம் தொடர்கிறது என்று வேறு சிலர் புரிந்துகொண்டார்கள். நைரோ குயின்டானா முன்னால் போய் அந்தக் கட்டத்தையும் ரிகோபெர்தோ ஊரான் என்ற வீரரிடமிருந்த இளஞ்சிவப்பு ஜெர்சியையும் கைப்பற்றினார், கடைசியில் ஜிரோவையே வென்றார். யார் தவறு என்று இன்றும் சண்டை. 2016 டூர் தெ பிரான்ஸில் காற்றுக்குப் பயந்து வென்டூ மலை உச்சியில் இருந்த முடிவுக் கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே கொண்டுவந்தார்கள். முடிவு சரிதான். ஆனால் மேலே நின்றிருக்கவேண்டிய கூட்டமும் கீழே இறங்கிச் சாலையை அடைத்தது, வழியின்றி நின்ற மோட்டார் சைக்கிளில் வீரர்கள் மோதினார்கள், அந்தப் பந்தயத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு கிறிஸ் ஃப்ரூம் சைக்கிள் இல்லாமல் மலையில் ஓடினார்.

இதற்கு நேர்மாறானது 2019 டூர் தெ பிரான்ஸ். இஸெரான் கணவாயின் மறுபுறம் ஆலங்கட்டி மழை கொட்டி மண்சரிவில் சாலை மூடியதும், உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் கொண்டார்கள். மஞ்சள் ஜெர்சி அலாஃபிலிப்பிடமிருந்து எகன் பெர்னாலுக்குப் போனது. அலாஃபிலிப் இறக்கத்தில் சூரர் என்பதால் அவருடைய ரசிகர்களுக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் கோடு எது என்பதில் குழப்பம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓட்டமாட்டேன் என்று சொல்லும் துணிவு பெயர்பெற்றவருக்கு உண்டு. ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் முடியப்போகிற நூற்று முப்பதாவது வீரர், பக்கத்தில் இருப்பவர் ஓட்டினால் தானும் ஓட்டித்தான் தீருவார். அவரிடம் போய் உங்கள் விருப்பம் என்ன என்று கேட்பதில் பொருளே இல்லை. அவருக்காக வேறு ஒருவர்தான் முடிவெடுக்கவேண்டும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: பானஸ்வாடி வாசகர்

அனைவருக்கும் நன்றி. அல்சூர் நண்பர் கடைசியில் சொன்னது என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அன்று காலை மழையில் நின்றுகொண்டு, வேண்டுமானால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஓட்டலாமே என்று முதலில் குரல் கொடுத்தவன் நான்தான். பதினேழு வயதுப் பையன்கள் நான்கு பேர் உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்கள். எங்கள் போட்டியின் அமைப்பாளருக்கு இன்று ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்: அடுத்த முறை மழை வந்தால் முடிவுக் கோடு நந்தியின் உச்சியில் இருக்கும், அதை முந்தைய நாள் மாலையிலேயே அறிவித்துவிட வேண்டும், சைக்கிள்களை டெம்போவிலும் ஆட்களை வேனிலும் கீழே இறக்கவேண்டும். வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள எங்கள் குழுவில் இதுவரை பதினொரு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.