நீண்ட நாள் உழைக்கும் ஒயர் இயர்போன் எது? ஒலித்தரம் குறித்தும் ஆலோசனை வேண்டும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பெயர்ப்பது என் தொழில். வேலை முடிந்த பின் அதே இயர்போனில் கர்நாடக இசை கேட்பேன். நாள்தோறும் பல மணி நேரம் காதில் இருக்கும் கருவி என்பதால், ஒலி தெளிவாக இருப்பதைப் போலவே அது நீண்ட நாள் உழைப்பதும் எனக்கு முக்கியம். இதுவரை நான் பயன்படுத்தியவை எல்லாம் ஒயரைக் கழற்ற முடியாத, விலை குறைந்த வகைகள். அவற்றில் பெரும்பாலானவை ஜாக்கை ஒட்டிய இடத்தில் ஒயர் நைந்து, ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிய பின் பயனற்றுப் போயின.

இம்முறை சற்றுக் கூடுதலாகச் செலவு செய்து நல்லதாக ஒன்றை வாங்க எண்ணுகிறேன். ஷ்யூர் எஸ்இ215, சென்ஹைசர் ஐஇ 200, மூன்டிராப் ஆரியா, எடிமோடிக் இஆர்4எஸ்ஆர் ஆகிய நான்கையும் பற்றிப் படித்திருக்கிறேன். இவற்றின் ஒலி எவ்வகையில் வேறுபடுகிறது, எந்த உறுப்பு முதலில் பழுதாகும், பழுதானால் அந்த உறுப்பை மட்டும் மாற்ற இயலுமா என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும். புளூடூத் வகை எனக்கு வேண்டாம். பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்கும் வேலைக்கு அதன் தாமதம் இடையூறாக இருக்கிறது.

மறுமொழி 1

வணக்கம். ஒலியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். உழைப்பைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட நான்கில் இஆர்4எஸ்ஆர் மற்ற மூன்றையும்விட விலை மிகக் கூடியது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்குழாய் திறந்திருக்கும்போது, அதன் நீளத்தின் காரணமாக 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்கள் இயல்பாகவே உயர்ந்து செவிப்பறையை அடைகின்றன. இயர்போனைச் செருகிக் குழாயை அடைத்ததும் அந்த இயல்பான உயர்வு இல்லாமல் போகிறது. எனவே கருவியை வடிவமைப்பவர் அதை ஒலியிலேயே சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. அதை எவ்வளவு சேர்க்கிறார், பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, எவ்வளவு உயர்த்துகிறார் என்பதில்தான் ஒரு மாடலுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உள்ளே எத்தனை டிரைவர்கள் (மின்குறிப்பை ஒலியாக மாற்றும் உறுப்புகள்) இருக்கின்றன என்பதைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. ஒரே ஒரு டிரைவரைக் கொண்டு மிகச் சிறப்பாக ஒலிக்கும் இயர்போன்கள் பல உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த நான்குமே ஒற்றை டிரைவர் கொண்டவைதாம்.

எஸ்இ215 பாஸ் சற்றுக் கூடிய, டிரெபிள் (உயர்ந்த ஒலிகள்) தணிந்த வகை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதில் கனமாகவும் இதமாகவும் கேட்கும். ஆனால் தம்புராவின் மேல் சுரங்கள் ஓரளவு மங்கிவிடும். ஆரியா, ஹார்மன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழுவினர் கேட்போரின் விருப்பத்தை ஆராய்ந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று காட்ட உருவாக்கிய வளைவை ஓரளவு ஒட்டிச் செல்வது: பாஸ் உண்டு, குரலும் முன்னே நிற்கும். ஐஇ 200 என்பது 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (சிறு ஒலிபெருக்கியைப் போல் சவ்வை அசைத்து ஒலிக்கும் வகை) கொண்டது. அதன் சிலிக்கான் டிப்பை (காதுக்குள் செல்லும் மென்முனையை), ஒலி வெளிவரும் குழலின் மேல் இரண்டு நிலைகளில் பொருத்தலாம். வெளிப்புற நிலையில் வைத்தால் சிறு இடைவெளி திறந்து பாஸ் குறையும். பேச்சுக்கு ஒரு நிலை, இசைக்கு ஒரு நிலை என்று நீங்கள் மாற்றிக்கொள்ள இது உதவும்.

இஆர்4எஸ்ஆர் இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. எடிமோடிக் ரிசர்ச் நிறுவனத்தை மீட் கில்லியன் 1983இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தொடங்கினார்; அந்நிறுவனத்தின் முதல் இஆர்-4 1991இல் வெளிவந்தது. காது கேட்கும் கருவிகளில் பயன்படும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவரை இசை கேட்பதற்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அது ஒன்று. 2016இல் வந்த இஆர்4எஸ்ஆர் அதே வழியில் செல்கிறது. பாஸைக் கூட்டுவதில்லை, இருப்பதை இருப்பதாகத் தருகிறது. பேச்சுப் பதிவில் முணுமுணுப்பாக வரும் ஒரு சொல்லின் வல்லின மெய்களைப் பிரித்தறிவதற்கு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தெளிவாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நான்கில் இதுவே மிகச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகளில் வயலினின் வில் நகர்வதையும் பாடகர் மூச்செடுப்பதையும் அது பிரித்துக் காட்டும். அப்பதிவுகளின் இரைச்சலையும் அப்படியே காட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபெல் உரக்க ஒலிப்பதுகூட மேலான தரமாகக் காதுக்குத் தோன்றும். எனவே உணர்திறன் கூடிய இயர்போன் நியாயமின்றி வென்றுவிடும். இரண்டாவது, டிப் காதை முழுமையாக அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிதளவு காற்று கசிந்தாலும் பாஸ் பெருமளவு போய்விடும். "இதில் பாஸே இல்லை" என்று எழுதப்படும் கருத்துரைகளில் கணிசமானவை டிப்பின் அளவு பொருந்தாததால் வந்தவையாக இருக்கும் என்பது என் எண்ணம். இணையத்தில் காணும் அளவீட்டு வரைபடங்களையும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அப்படியே நம்ப வேண்டாம். அளவிடும் செயற்கைக் காதில் இயர்போனை எவ்வளவு ஆழமாகச் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அப்பகுதியில் முகடுகள் இடம் மாறும்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் ஒலியைப் பற்றிச் சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும் முடிவில் அவரிடமிருந்து வேறுபடுகிறேன். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். இயர்போன்களைப் பழுதுபார்ப்பதில் எனக்குப் பல ஆண்டு ஈடுபாடு உண்டு.

டிரைவர் தானாகப் பழுதாவது அரிது. முதலில் போவது ஒயர். அதிலும் ஜாக்கினுள் ஒயர் நுழையும் இடம். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் மயிரிழையைப் போல் மெல்லியவை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளையும்போது அவை ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சிய இழைகள் தொடுவதும் விலகுவதுமாக இருப்பதால்தான் ஒலி விட்டுவிட்டு வருகிறது. எல் வடிவ ஜாக், சட்டைப்பையில் போனை வைத்திருப்போருக்கு ஓரளவு பாதுகாப்பு. போனைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றும் பழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும். தளர்வான வளையமாகச் சுருட்டி வைப்பதே நல்லது. பிரிக்கக்கூடிய ஒயர் உள்ள மாடலில் இந்தப் பழுது வந்தால் ஒயரை மட்டும் மாற்றிவிடலாம். உங்கள் நான்கிலும் அந்த வசதி இருப்பது மகிழ்ச்சி.

ஆனால் ஒயர் பிரியும் இடமே இன்னொரு பலவீனமாக ஆகக்கூடும். எஸ்இ215, ஐஇ 200, இஆர்4எஸ்ஆர் ஆகிய மூன்றிலும் எம்எம்சிஎக்ஸ் எனப்படும், அழுத்தி மாட்டும் இணைப்பு இருக்கிறது. வட்டமான அந்த இணைப்பு பொதுவாக 500 முறை கழற்றி மாட்டுவதற்கென வரையறுக்கப்பட்டது. தேவையின்றிக் கழற்றிக்கொண்டே இருந்தால் தொடர்பு தளர்ந்து, ஒயர் சுழலும்போதெல்லாம் கரகரப்புக் கேட்கும். கழற்ற வேண்டிய நேரத்தில் ஒயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் விளிம்பில் நகத்தை வைத்து நேராக நெம்ப வேண்டும். இஆர்4எஸ்ஆரில் இணைப்பு சுழலாமல் தடுக்கும் சிறு பள்ளம் உண்டு. அது தேய்மானத்தைக் குறைக்கும், ஆனால் மாற்று ஒயர் தேடும்போது அது பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆரியாவில் இருப்பது 0.78 மில்லிமீட்டர் இரு பின் இணைப்பு. அது சுழலாது என்பதால் கரகரப்புக் குறைவு. பக்கவாட்டில் இழுபட்டால் பின் வளையவோ உள்ளேயே முறியவோ வாய்ப்பு உண்டு. இரண்டில் எனக்கு இரு பின் இணைப்பே பிடிக்கும், ஏனெனில் அதன் பழுது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த எதிரிகள் வியர்வையும் காதுக் குறும்பியும். டைனமிக் டிரைவர் கொண்ட இயர்போன்களில் காற்று போய்வர மிகச் சிறிய துளைகள் இருக்கும். அவற்றில் முன்புறத் துளை அடைபட்டால் பாஸ் திடீரென்று கூடும், பின்புறத் துளை அடைபட்டால் குறையும். குழலின் முனையில் இருக்கும் வலையில் குறும்பி படிந்தால் ஒலி முழுவதும் சன்னமாகி, டிரெபிளும் மங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்துவிட்டது என்று தூக்கி எறியப்படும் இயர்போன்களில் பல இப்படி அடைபட்டவைதாம். பயன்படுத்திய பின் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்ட சிறு பெட்டியில் வைத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். வலையைச் சுத்தம் செய்யும்போது குழலின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அழுக்கை உள்ளே தள்ளிவிடக் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. இவ்வகையில் எடிமோடிக் செய்திருக்கும் ஏற்பாடு பாராட்டத்தக்கது. குழலின் முனையில் இருக்கும் சிறு வடிகட்டியைப் பயனரே கழற்றிப் புதியதைப் பொருத்தலாம்.

பேலன்ஸ்டு ஆர்மேச்சருக்கு ஒரு பலவீனம் உண்டு. இரு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு ஒன்று சமநிலையில் நின்று அசைவதால் அது இயங்குகிறது. கடினமான தரையில் விழுந்தால் அந்தச் சமநிலை குலைந்து, ஒலி சிதறக்கூடும். டைனமிக் டிரைவர் அத்தகைய அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

இப்போது நான் வேறுபடும் இடத்துக்கு வருகிறேன். இஆர்4எஸ்ஆரின் மூன்றடுக்கு டிப்பைக் காதுக்குள் மிக ஆழமாகச் செருக வேண்டும். அப்படிச் செருகினால்தான் அதன் ஒலியும், வெளிச்சத்தம் அடைபடுவதும் சரியாக அமையும். ஒரு மணி நேரம் இசை கேட்க அது போதுமானது. நாள் முழுவதும் வேலை பார்ப்பவர்களில் பலரால் அந்த அழுத்தத்தைத் தாங்க இயலாது, அடிக்கடி கழற்றிச் செருகுவதும் குறும்பியை உள்ளே தள்ளும். எனவே உங்கள் பயன்பாட்டுக்கு ஐஇ 200 அல்லது ஆரியாவையே பரிந்துரைப்பேன். பேச்சின் தெளிவில் சிறிது குறைந்தாலும், காதில் நிம்மதியாக அமரும் கருவியையே நீங்கள் நெடுங்காலம் பயன்படுத்துவீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆழமாகச் செருகும் வகையை நண்பர் ஒருவரிடம் வாங்கிச் சிறிது நேரம் முயன்றேன். ஒலியின் தெளிவு வியப்பளித்தது, ஆனால் நீண்ட நேரம் வைத்திருக்க இயலவில்லை. ஐஇ 200 பக்கம் மனம் சாய்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். ஒரு பக்கம் ஒலி நின்றுபோனால், பழுது ஒயரிலா இயர்போனிலா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டறிவது? என் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாததால் டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகும் சிறு மாற்றி) வழியாகத்தான் கேட்க வேண்டும். அதனால் ஒலி கெடுமா?

மறுமொழி 3

முதல் ஐயத்துக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒயரின் இடது முனையையும் வலது முனையையும் இயர்போன்களில் மாற்றி மாட்டிப் பாருங்கள். முன்பு ஒலித்த இயர்போன் இப்போது ஒலிக்காவிட்டால் பழுது ஒயரில் இருக்கிறது. ஒலிக்காதிருந்ததே மறுபடியும் ஒலிக்காவிட்டால் இயர்போனிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. இதைச் செய்வதற்கு முன் டிப்புகளைக் கழற்றி வலையையும் டிப்பின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வேறொரு போனிலும் செருகிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் டாங்கிளும் அடிக்கடி பழுதாகும் உறுப்புதான்.

டாங்கிளால் ஒலி கெடும் என்று பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. நல்ல டாங்கிளுக்கு வெளியீட்டு மின்தடை (ஒலியைத் தரும் கருவியின் உள்ளேயே இருக்கும் மின்தடை) மிகக் குறைவாக இருக்கும். பல ஆர்மேச்சர்கள் கொண்ட இயர்போன்களின் மின்தடை அதிர்வெண்ணுக்கேற்ப மிகவும் ஏறி இறங்குவதால், வெளியீட்டு மின்தடை கூடிய கருவியில் மாட்டினால் அவற்றின் ஒலியே மாறிவிடும். இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குமேல் கருவியின் வெளியீட்டு மின்தடை இருக்கக் கூடாது என்ற வழக்கமான விதி அதற்காகவே சொல்லப்படுகிறது. ஐஇ 200 போன்ற ஒற்றை டைனமிக் டிரைவருக்கு மின்தடை ஏறத்தாழச் சீராக இருப்பதால் இந்தக் கவலை மிகவும் குறைவு. அதை ஒலிக்கச் செய்யப் பெரிய ஆம்ப்ளிஃபையரும் தேவையில்லை. அதற்கென ஒதுக்கிய பணத்தை மாற்று ஒயருக்கும் டிப்புகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்ஹைசரின் ஐஇ வரிசையில் சில மாடல்களில் இணைப்புத் துளை சற்று உள்ளடங்கியிருப்பதால், பிற நிறுவனங்களின் எல்லா எம்எம்சிஎக்ஸ் ஒயர்களும் முழுமையாக உட்காராது. மாற்று ஒயர் வாங்கும்போது உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாள் முழுவதும் கேட்பவர் என்பதால் உங்கள் செவியும் நீண்ட நாள் உழைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள வரம்பு. ஒலி 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. உங்கள் வேலை நேரமே ஏறக்குறைய அந்த 40 மணியை எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளிச்சத்தத்தை நன்கு அடைக்கும் டிப்பைத் தேர்ந்தெடுத்து ஒலியளவைத் தாழ்த்தி வையுங்கள். ஐஇ 200இன் டிப்பை வெளிப்புற நிலையில் வைத்தால் வெளிச்சத்தம் கூடுதலாக உள்ளே வருகிறதா என்பதையும் உங்கள் காதிலேயே சோதித்துப் பாருங்கள்; அப்படி வந்து, அதற்காக ஒலியளவைக் கூட்ட வேண்டியிருந்தால், பேச்சுப் பதிவுகளுக்கும் உட்புற நிலையையே வைத்துக்கொண்டு பாஸைப் போனின் ஈக்குவலைசரில் குறைப்பது நல்லது. ஃபோம் டிப்புகளும் நன்றாக அடைக்கும். அவை சிலிக்கானைப் போல உழைக்காது, சில மாதங்களில் நெகிழ்ச்சி இழக்கும் என்பதால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.